கொடுமுடிக்கு நீங்கள் போன அன்று

கண்ணு,

இன்று காலை கிணற்றோரத்து வரிசையில் ஒரு குலையைத் தூக்கிப் பிடித்து, அதன் நுனியில் கடைசியாகத் தொங்கிய பழத்தைக் கடித்துப் பார்த்தேன். இனித்தது. சர்க்கரை வியாதிக்காரிக்குத் திராட்சை கேட்கிறதா என்று ஆரம்பித்துவிடாதே. ஒரே ஒரு பழம்தான், அதிலும் தோலைத் துப்பிவிட்டேன். உங்கப்பா இருந்தவரை அந்த வேலையை வேறு யாருக்கும் கொடுத்ததில்லை. இந்த வருஷம் கடித்துப் பார்க்க அவர் இல்லை, அதனால் நான் கடித்தேன். வருகிற திங்கட்கிழமை பழம் வெட்டுகிறோம். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். கூடவே, நாலு மாதமாக உனக்குச் சொல்லாமல் வைத்திருக்கிற ஒரு பதிலையும் சொல்லிவிடுகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ புனேயிலிருந்து கூப்பிட்டால் "மாத்திரை போட்டியாம்மா" என்பாய், நான் "போட்டேன்" என்பேன். "சாப்ட்டியா" என்பாய், "ஆச்சு" என்பேன். அப்புறம் உனக்கு மீட்டிங் வந்துவிடும். நமக்கு நடுவில் கிடப்பதை இரண்டு பேரும் காலில் படாமல் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறோம். அதனால் பேப்பரில் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பப் போகிறேன். வரிசை மாறி வந்தால் மேலே போட்டிருக்கிற நம்பரைப் பார்த்துப் படித்துக்கொள். இது மன்னிப்புக் கேட்டு எழுதும் கடிதம் இல்லை என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்காவது அது வரும் என்று நீ தேட வேண்டாம்.

உங்கப்பாவின் சாம்பலைக் கரைக்க நீயும் பெரியப்பாவும் பங்காளிகளும் கொடுமுடிக்குப் போனீர்கள். திரும்பி வந்து காரை நிறுத்தியபோது நான் கையில் கத்திரியோடு திராட்சைப் பந்தலுக்குள் நின்றேன். கொடிகளைப் பாதி வரிசைக்குக் குச்சி வெட்டிக் கவாத்துச் செய்திருந்தேன். சாவு விழுந்த வீட்டில் கருமாதி முடிகிற வரைக்கும் பச்சை மரத்தில் இரும்பு படக் கூடாது என்பது நம் பங்காளிகள் வழக்கம். அது எனக்கும் தெரியும். பெரியப்பா வாசலில் நின்றே சத்தம் போட்டார். "ஏனம்மணி, என்ன வேல பண்ணிப்போட்டே? எழவு ஊட்டுல கத்திரி எடுத்த பொம்பளைய நான் இன்னைக்குத்தான் பாக்கறேன்." அது எனக்கு உறைக்கவில்லை. அவர் சத்தம் போடுவார் என்று தெரிந்தேதான் இறங்கினேன். நீ சொன்னதுதான் உறைத்தது. "அப்பா சாம்பல் இன்னும் ஆத்துல கரைஞ்சுகூட இருக்காது. அதுக்குள்ள உனக்குக் கத்திரி கேக்குதாம்மா?" என்றாய். நான் மறுபடி திரும்பி அடுத்த குச்சியை வெட்டினேன். கருமாதி முடிந்த மறுநாள் நீ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். சின்ன வயதிலிருந்து கடைக்குப் போனாலும் "போய்ட்டு வாரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறவன், அன்றைக்குச் சொல்லாமல் போனாய்.

உங்கப்பா எப்படிப்பட்டவர் என்று உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். கொஞ்சம்தான் தெரியும். அவர் என்னைப் பெண் பார்க்க வந்த கதையை அவர் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். பெரியநாயக்கன்பாளையத்தில் என் அப்பா பம்புப் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்கு இரும்பு வாசம் தெரியும், தோட்டம் தெரியாது. வந்தவர் பலகாரத் தட்டை வாங்கக் கையை நீட்டியதும் எங்கம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. பத்து விரல் நகமும் நீலம். உள்ளே வந்து, "பையனுக்கு நகத்துல ஏதோ சீக்காட்டம் இருக்குது" என்று என் காதைக் கடித்தார். இவருக்கு அது எப்படியோ கேட்டுவிட்டது. "சீக்கில்லீங்க அத்தை, மயில்துத்தம். திராட்சைக்கு அடிக்கற மருந்து. கழுவுனாப் போகாதுங்க, நகம் வளந்தாத்தான் போகும். அது வளர்றதுக்குள்ள அடுத்த மருந்து வந்துருமுங்க" என்று கூடத்திலிருந்தே பதில் சொன்னார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று கேட்டபோது தலையை ஆட்டிவிட்டேன். கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார், ஒரு படத்தில்கூட அவர் விரல் தெரியாது. போட்டோக்காரர் ஒவ்வொரு தடவையும் மாலையை இழுத்து மூடிவிட்டார்.

இந்த மலையடிவாரத்துக்கு வந்த புதிதில் அவர் கொடியோடு பேசுவதைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது. நம்மிடம் பேசுவது மாதிரி அன்பாகக்கூடப் பேச மாட்டார், சண்டைதான் போடுவார். "இத்தன மொட்டு உனக்கெதுக்கு? பெத்துப்போட்டு யாரு பாக்கறது?" என்று திட்டிக்கொண்டே வெட்டுவார். திராட்சைக்கொடியை வெட்டாமல் விட்டால் இலையாகவே ஓடிப் பந்தலை மூடிவிடும், காய் வைக்காது. அதனால் அறுவடை முடிந்த கொடிக்குத் தண்ணீரை நிறுத்தி, இலை பழுத்ததும் குச்சிகளைக் குட்டையாக வெட்டி, வெட்டு வாயில் மருந்து தடவிவிட வேண்டும். அதற்கப்புறம்தான் தண்ணீர். தடித்த குச்சிக்கு மொட்டு கூடுதலாக விடுவார், மெலிந்ததற்குக் குறைச்சலாக விடுவார். யாராவது வேலையாள் ஒரு குச்சியைத் தப்பாக வெட்டிவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. ஒரு வருஷம் ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்துபோனது. கட்டுப் போட்ட கையோடு கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு என்னை வெட்டச் சொன்னார். நான் குட்டை, அவர் ஆளுயரத்துக்கு மேல் போட்ட பந்தல். ஸ்டூலில் ஏறி நின்று கழுத்து ஒடிய வெட்டினேன். "அது இல்லம்மணி, அதுக்குப் பக்கத்துல" என்று ஒவ்வொரு குச்சிக்கும் சொன்னார். சாயங்காலம் கத்திரியை அவர் மடியில் போட்டுவிட்டு, "உங்க கொடியும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்" என்று வீட்டுக்குள் போய்விட்டேன். மறுநாள் நானேதான் கத்திரியை எடுத்தேன். அந்த வருஷக் காய்ப்பு ரொம்ப நன்றாக இருந்தது. அதை என்னிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, ஆனால் ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவரைப் பெரிய தியாகி ஆக்கிவிடுவாய். அவருக்குத் தலைக்கனம் உண்டு. நீ எட்டாவது படிக்கும்போது யானைக் கூட்டம் இறங்கிப் பந்தலின் மூலைக் கல்லுக்காலைச் சாய்த்ததே, ஞாபகமிருக்கிறதா? விடிந்ததும் போய்ப் பார்த்தால் கம்பி அறுந்து கிடக்கிறது, பழத்தில் ஒன்றுகூடத் தொட்டிருக்கவில்லை. நேராகப் பக்கத்துத் தோட்டத்து வாழைக்குப் போய்விட்டன. வேறு யாராயிருந்தாலும் சாமிக்குத் தேங்காய் உடைத்திருப்பார்கள். இவருக்கு மூஞ்சி தொங்கிப்போய்விட்டது. "என்ர பழத்துல அப்படி என்ன கொறையக் கண்டுச்சு?" என்று நாள் பூராவும் கேட்டுக்கொண்டிருந்தார். யானைகூடத் தன் பழத்தைப் பாராட்ட வேண்டும் என்று நினைத்த மனுஷன் அவர். பக்கத்துத் தோட்டக்காரர் தன் வாழை போன துக்கத்தைச் சொல்ல வந்தவர், இவரைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்.

"அப்பாவுக்குத் திராட்சைதான் மூத்த பிள்ளை" என்று நீ அடிக்கடி சொல்லுவாய். சிரித்துக்கொண்டேதான் சொல்லுவாய், ஆனால் அதில் வருத்தம் இருந்தது எனக்குத் தெரியும். உன் காலேஜ் பட்டமளிப்புக்கு அவர் வரவில்லை, நான்தான் வந்தேன். பூ பிடிக்கிற நேரம், மேகம் போட்டிருந்தது, விட்டுவிட்டு வர முடியாது என்றார். நீ முதல் தடவை புனேக்குப் போனபோது கோயம்புத்தூர் ஜங்ஷன் வரை வந்தவர், ரயில் கிளம்புகிறதுக்கு முன்னாலேயே போய்விட்டார். அது உனக்கு ஆறவில்லை. இங்கே நடந்ததை நான் சொல்கிறேன். நேராக வந்து மருந்து அடித்தார். அடித்துவிட்டுக் கையைக் கழுவாமல் அடுப்படி வாசலில் வந்து நின்று, "திருப்பூர் தாண்டியிருக்குமா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஈரோட்டுல சாப்பாடு வாங்கியிருப்பானா?" என்றார். தூங்கப் போகிறவரை சேலம், ஜோலார்பேட்டை என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக என்னைப் பிடுங்கி எடுத்துவிட்டார். "இத்தன அக்கற இருக்கறவரு ரயிலு போறவரைக்கும் நின்னிருக்கலாமில்லீங்க" என்று கேட்டேன். "நின்னா அழுதுபோடுவேன் அம்மணி, பையன் சங்கடப்படுவான்" என்றார். இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று கையிலடித்துச் சத்தியம் வாங்கினார். போன மனுஷர் வந்து சண்டை போட முடியாது என்ற தைரியத்தில் சொல்லிவிட்டேன்.

இப்போது நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். உன் அப்பாரு, உங்கப்பாவைப் பெற்றவர், காலமான வருஷம் நீ சென்னையில் காலேஜில் இருந்தாய். காரியத்துக்கு வந்துவிட்டு மறுநாளே ரயில் ஏறிவிட்டாய். உங்கப்பா போன மாதிரியே அதுவும் மார்கழிதான், அதுவும் கவாத்து நேரம்தான். தண்ணீர் நிறுத்தி, இலை பழுத்து, கொடி வெட்டுக்குத் தயாராக நின்றது. உங்கப்பா மூத்தவர்கள் சொன்னபடி கத்திரியைத் தொடாமல் கருமாதி வரைக்கும் உட்கார்ந்திருந்தார். கருமாதி முடிந்ததும் பெரியப்பா, "அமாவாசை போகட்டும்டா, அப்பன் செத்த ஊட்டுல என்ன அவசரம்" என்றார். அமாவாசை போனது. அப்புறம் ஏதோ ஒறம்பரை, சொந்தக்காரர் வீட்டில் ஒரு காரியம், அதற்கும் போய்விட்டு வந்து தொடங்கலாம் என்றார்கள். அண்ணன் பேச்சைத் தட்ட இவருக்கு வராது. கத்திரி எடுக்கும்போது மாசி பிறந்துவிட்டது. எல்லாம் ஒரு மாதம் பின்னால் போய்விட்டது. சித்திரைக் கடைசியில் வெட்ட வேண்டிய பழம், வைகாசியில்தான் மினுக்க ஆரம்பித்தது. தோல் மெலிசாகிச் சாறு ஏறுகிற சமயம் பார்த்து மலையிலிருந்து மழை இறங்கியது. விட்டுவிட்டுப் பெய்ததில் ஒவ்வொரு பழமாக வெடித்தது. பந்தல் பூராவும் புளித்த காடி வாசம், குளவி மொய்க்கிறது, உள்ளே நடக்க முடியவில்லை.

அப்பாரு செத்தபோது உங்கப்பா அழவில்லை. பழத்தைக் கூடை கூடையாக அள்ளிக் குழியில் கொட்டியபோது அழுதார். நானும் ருக்குவும் கொட்டினோம், அவர் குழிமேட்டில் உட்கார்ந்திருந்தார். தோட்டத்தில் நம்மோடு வேலைக்கு இருக்கிறாளே, அதே ருக்குதான். "எங்கப்பன் வெச்ச கொடி இது. அவரு பேரச் சொல்லி நானே அழுகவிட்டுப்போட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யார்மேலும் பழி போடவில்லை, அண்ணனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்குச் சோறு போட்டேன், பிசைந்துகொண்டே இருந்தார். அப்புறம் நிமிர்ந்து, "இங்க பாரு அம்மணி, நாளைக்கு எனக்கு ஏதாச்சும் ஆனா கத்திரி நிக்கக் கூடாது. யாரு என்ன சொன்னாலும் நீ வெட்டு" என்றார். "சோறு திங்கற நேரத்துல என்ன பேச்சுங்க இது?" என்று நான் அதட்டினேன். "சோறு திங்கற நேரத்துலதான நீ பக்கத்துல உக்காந்திருக்கறே, வேற எப்பச் சொல்றது?" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நீ லீவுக்கு வந்தபோது குழி மூடியிருந்தது, பந்தலும் பச்சையாக நின்றது. படிக்கிற பையனிடம் எதற்கு என்று யாரும் உனக்குச் சொல்லவில்லை.

இதில் அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். அவர் அதை என்னிடம் மட்டும் சொன்னார். உன்னிடமோ உன் பெரியப்பாவிடமோ ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தால், அன்றைக்கு நான் ஒண்டியாக நின்றிருக்க வேண்டியதில்லை. உனக்கும் பெண் பார்க்கலாம் என்று பெரியப்பா பேச்செடுத்திருக்கிறார். யாரைக் கட்டினாலும் சரி, பெண்டாட்டியிடம் மட்டும் ஒரு பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஊர் முன்னால் வாயை மூடிக்கொள்கிற ஆளாக நீ இருக்காதே. அவளுக்குக் கொடுத்த வார்த்தையை நாலு பேர் கேட்கச் சொல்லி வை. இல்லாவிட்டால் நீ போன பிறகு அவள் பொய் சொல்கிறாள் என்பார்கள். நான் அன்றைக்குப் பதில் பேசாமல் இருந்ததற்குக் காரணமே அதுதான். "அவருதான் சொன்னாருங்க" என்று நான் சொன்னால், செத்தவர் பேரில் சாக்குச் சொல்கிறாள் என்று பெரியப்பா சொல்லியிருப்பார். அதை அவர் சொல்லி, அதை நீயும் நம்பி, அந்த முகத்தை நான் பார்த்திருக்க வேண்டுமா? அதைவிட வெட்டுவது மேல் என்று வெட்டினேன்.

உங்கப்பா போன அன்று எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது, நீ மறுநாள்தான் வந்து சேர்ந்தாய். காலையில் மோட்டார் ரூமில் உட்கார்ந்து கத்திரிக்குச் சாணை பிடித்து எண்ணெய் விட்டார். திங்கட்கிழமை ஆரம்பிக்கலாம், ஆளுக்குச் சொல்லிவிடு என்றார். சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே தொட்டி ஓரம் உட்கார்ந்தார். வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. குளிப்பாட்டும்போது விரலைப் பார்த்தேன். அந்த வருஷம் மழை இல்லாமல் மருந்து அடித்து மாதக்கணக்கு ஆகியிருந்ததால் நகம் எல்லாம் வெள்ளையாக இருந்தது. அவரை அப்படிப் பார்த்ததே இல்லை, யாரோ வெளியாள் மாதிரி இருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. ஒறம்பரைப் பெண்கள், "அழுதுரு அம்மணி, நெஞ்சுல வெச்சுக்காதே" என்று முதுகைத் தடவினார்கள். எனக்கு அந்தத் திங்கட்கிழமை மட்டும்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

நீங்கள் கொடுமுடிக்குக் கிளம்பியதும் வீட்டில் பெண்கள் மட்டும்தான். பாதிப்பேர் தூங்கினார்கள், மீதிப்பேர் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காரில் நானும் வருகிறேன் என்று கேட்டிருந்தேன், உனக்கு ஞாபகம் இருக்காது. "பொம்பளைங்க வர்ற வழக்கமில்ல அம்மணி" என்றார் பெரியப்பா. நீ தலையைக் குனிந்துகொண்டாய். கட்டிய புருஷனை ஆற்றில் விட நான் வரக் கூடாது, சரி. அவர் வெட்டச் சொன்ன கொடியையும் வெட்டக் கூடாது என்றால், பின்னே எனக்கும் அவருக்கும் என்ன பாத்தியம்? தலைக்கு அவருடைய துண்டைக் கட்டினேன். கத்திரி ஆணியில் தொங்கியது, எண்ணெய் காயவில்லை. பந்தல் எட்ட வேண்டுமே, ஸ்டூல் எங்கே போனதென்று தெரியவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் உட்கார வாடகைக்கு எடுத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன். அதன்மேல் நான் ஏறி நின்றதுதான் பெரியப்பாவுக்கு இன்னும் பொறுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

ருக்கு பின்னாலேயே ஓடி வந்தாள். "அக்கா, வேண்டாமுங்க்கா. ஊரு ஒரு மாதிரியாப் பேசும்" என்றாள். "பேசட்டும் ருக்கு. வந்தா வா, வராட்டிப் போ" என்றேன். வரப்பில் நின்றபடியே, "நான் கத்திரியத் தொட மாட்டனுங்க்கா. வெட்டுனதப் பொறுக்கிப் போடறேன். பொறுக்கறதுக்கு ஒண்ணும் சாஸ்திரம் இல்லைதானுங்க்கா?" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்தாள். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. முதல் குச்சியைப் பிடித்து இழுத்தேன். அதில் போன வருஷம் உங்கப்பா வெட்டிய வாய் காய்ந்து கறுத்து இருந்தது. மொட்டை எண்ணி அதற்குக் கொஞ்சம் மேலே வெட்டினேன். அடுத்த குச்சியிலும் அவர் வெட்டு, அதற்கு மேலே என் வெட்டு. ஒவ்வொரு கொடியிலும் அவர் கை இருந்தது கண்ணு. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்குள் வராத அழுகை நாற்காலி மேல் நிற்கும்போது வந்தது. துண்டால் கண்ணைத் துடைத்துத் துடைத்து வெட்டினேன். நீங்கள் ஆற்றில் அவரைக் கரைத்துக்கொண்டிருந்த நேரம் நான் இங்கே அவரோடுதான் இருந்தேன். நீ வந்து பார்த்தபோது என் முகம் காய்ந்திருந்தது, அதை வைத்து நீ ஒரு முடிவுக்கு வந்துவிட்டாய்.

குலையில் மேல் பழம் முதலில் பழுக்கும். அது இனிக்கிறதே என்று வெட்டினால் பாதிக் குலை புளிக்கும். அதனால்தான் உங்கப்பா எப்போதும் நுனிப் பழத்தைக் கடிப்பார். நுனி இனித்தால் குலை பூராவும் இனிக்கும். நீ படித்தவன், நாலு பேரை வைத்து வேலை வாங்குகிறவன். அன்றைக்கு மேல் பழத்தைக் கடித்துவிட்டு உன் அம்மாவைப் பற்றித் தீர்மானித்தாய். "ஏம்மா இப்படிச் செஞ்சே?" என்று ஒரு வார்த்தை தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இனிமேல் ஆபீஸிலோ வீட்டிலோ யார்மேலாவது கோபம் வந்தால் முதலில் கேள், அப்புறம் பேசு. இதை ஆறின பிறகு சொல்கிறேன் என்று நினைக்காதே, எனக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். கருமாதி அன்றைக்குப் பெரியப்பா எல்லோர் முன்னாலும், "ஆம்பள இல்லாத ஊட்டுல பந்தலக் காப்பாத்த முடியாது, கல்லுக்காலப் புடுங்கிப்போட்டுத் தென்ன வெச்சரலாம்" என்றார். நீயும், "பெரியப்பா சொல்றபடி செஞ்சுக்கோம்மா" என்றாய். செய்ய மாட்டேன். கல்லுக்கால் நிற்கும். குத்தகைக்கும் விட மாட்டேன். பழம் வெட்டி முடித்ததும் கொடிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, அடுத்த கவாத்தையும் நானே செய்வேன். ருக்குவும் இப்போது கத்திரி பிடிக்கிறாள், சாஸ்திரம் எங்கே போனது என்று கேட்டால் சிரிக்கிறாள். மருந்தும் நான்தான் கலக்குகிறேன். வீடியோ காலில் என் கையை நீ கவனிக்கவில்லை. என் நகம் பத்தும் நீலமாக இருக்கிறது. நீ வேலையை விட்டுவிட்டு வா, தோட்டத்தைப் பார் என்று நான் கேட்கவில்லை. உனக்கு அது வராது, உங்கப்பாவும் அப்படி ஆசைப்படவில்லை. என் கை ஓடுகிறவரை நான் பார்க்கிறேன், ஓடாத அன்று நானே உன்னைக் கூப்பிட்டுச் சொல்கிறேன். அதுவரை இதைப் பற்றி யாரும் எனக்காக முடிவெடுக்க வேண்டாம், நீயும்தான்.

பெரியப்பாவைப் பற்றித் தப்பாக நினைத்துக்கொள்ளாதே. நேற்று மதுக்கரையிலிருந்து வந்தார். லாரிக்கு டயர் வாங்க வந்தேன், அப்படியே எட்டிப் பார்த்தேன் என்றார். டயர் கடை இருப்பது வேறு திசை. பந்தலுக்குள் போய்க் கழுத்தை அண்ணாந்துகொண்டு ரொம்ப நேரம் நின்றார். நிழலே கறுப்பாக இருந்தது, அவ்வளவு குலை. ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டார், மேல் பழம்தான். நன்றாக இருக்கிறது என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. அது இந்தக் குடும்பத்து ஆண்களுக்கே உள்ளது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மழைக்கு முந்தி வெட்டிப்போடு அம்மணி" என்றார். போகும்போது, "கண்மணிக்குக் கொஞ்சம் பழம் வேணும்" என்று தன் மகள் பேரைச் சொல்லி ஒரு கூடை கேட்டார். நல்ல குலையாகப் பார்த்துக் கொடுத்தேன். மலைப்பக்கம் மேகம் கூடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் இந்தத் தடவை நாம் முந்திக்கொண்டோம்.

திங்கட்கிழமை வியாபாரி வண்டி விடிந்ததும் வந்துவிடும். முதல் கூடை வண்டியில் ஏறுவதற்கு முன்னால் ஒரு குலையைத் தனியாக எடுத்து வைக்கப் போகிறேன், கிணற்றோரத்து வரிசையிலிருந்து. செவ்வாய்க்கிழமை அதை எடுத்துக்கொண்டு கொடுமுடிக்குப் போகிறேன். நீங்கள் அவரை விட்ட துறை எதுவென்று எனக்குத் தெரியாது. பொம்பளைங்க வர்ற வழக்கமில்லை என்றார்கள், அதனால் நான் பார்க்கவில்லை. நீ பார்த்திருக்கிறாய். தண்ணீரில் இறங்கி அந்தக் குலையை விட்டுவிட்டு, வெட்டிவிட்டேன், கத்திரி நிற்கவில்லை என்று அவரிடம் சொல்ல வேண்டும். அதைச் சொல்லிவிட்டால் எனக்குப் போதும்.

உங்கப்பாவின் கார் ஷெட்டில்தான் நிற்கிறது, சாவி அதே ஆணியில் தொங்குகிறது. நீ வந்தால் நீ ஓட்டு, துறையைக் காட்டு. வராவிட்டால் ஈரோட்டுக்குப் பஸ் இருக்கிறது, அங்கிருந்து கொடுமுடிக்கும் இருக்கிறது. குலையை மடியில் வைத்துக்கொண்டு நான் போய்க்கொள்வேன். துறையை அங்கே யாரிடமாவது கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா